ரேடியேஷன்னு சொன்னா எதுக்கு பயப்படணும், எதுக்கு வேணாம்

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ரேடியேஷன்னு பேச்ச எடுத்தா எல்லாரும் கைய காட்டறது பிளாட் மொட்டமாடில நிக்கிற செல்போன் டவரத்தான், ஆனா அதே ஆளு லேசா வயித்து வலின்னதும் டாக்டர நச்சரிச்சி சிடி ஸ்கேன் எடுத்துட்டு வந்துடுவாரு. அதனால மொதல்ல பாக்க வேண்டியது, அது அணுவுல இருந்து எலக்ட்ரான பிச்சி எடுக்கற வகையா இல்லையான்னுதான். டவரு, வைஃபைக்கெல்லாம் அந்த சக்தி கெடையாது. எக்ஸ்ரே, சிடி, காமா கதிருக்கு உண்டு.

பிச்சி எடுத்தா என்ன ஆகும்? ஒடம்புல இருக்கற செல்லுல பெரும்பாலும் தண்ணிதான், கதிர் பட்டு அந்த தண்ணி ஒடஞ்சி வர்ற துண்டுங்க டிஎன்ஏவ தாக்கும், சில சமயம் கதிரே நேரா அறுத்துடும். ஒரு இழை மட்டும் அறுந்தா செல்லு அதுவா சரி பண்ணிக்கும், ரெண்டு இழையும் ஒரே எடத்துல அறுந்தாதான் வம்பு: தப்பா ஒட்டிக்கிட்டா பல வருஷம் கழிச்சி கேன்சரா வரலாம், ஒட்டவே முடியலன்னா செல்லு செத்துடும். வேகமா பெருகற எலும்பு மஜ்ஜை, கொடல், முடி வேரு இதுங்கதான் மொதல்ல அடி வாங்கும், அதான் பெரிய டோஸ் வாங்குனவங்களுக்கு வாந்தி, முடி கொட்டறது, ரத்த அணு கொறஞ்சி கண்ட கிருமியும் தொத்தறது.

அடுத்து அளவு. சும்மா இருந்தாலே இயற்கைல இருந்து வருஷத்துக்கு சராசரி 2.4 மில்லிசீவர்ட் (ஒடம்பு வாங்கற கதிர அளக்கற அலகு) ஒடம்புல ஏறுது. நெஞ்சு எக்ஸ்ரே 0.1 கூட தாண்டாது, அதுக்கு போயி பயந்துக்கிட்டு காசநோய் டெஸ்ட்ட தள்ளி போடறது வேண்டாத வேல. வயித்து சிடின்னா 10 கிட்ட வரும், தேவைன்னா எடுத்துக்கத்தான் வேணும், ஆனா "அல்ட்ராசவுண்ட் போதாதா டாக்டர்?"னு ஒரு வார்த்த கேளுங்க, அதுல இந்த கதிரே இல்ல. கர்ப்பமா இருந்தா, சந்தேகமா இருந்தாலும், மொதல்லயே சொல்லிடுங்க. ஒரே நேரத்துல 1000 மில்லிசீவர்ட் தாண்டுனாதான் வாந்தி மாதிரி ஒடனடி நோய் வரும்.

நெஜமா பயப்பட வேண்டியது கேட்பாரில்லாம கெடக்கற கதிர் பொருளுக்குத்தான். 2018 ஆகஸ்ட்ல இரிடியம்-192ங்கற கதிர் பொருள் வச்ச 23 கிலோ கருவி ஒண்ணு சிரம்பான்ல இருந்து ஷா ஆலம் வர்ற வழியில காணாம போச்சி. 1987ல பிரேசில் கோயானியால பழைய இரும்பு கடைக்கு வந்த சீசியம்-137 நீலமா மின்னுதுன்னு ஒடம்புல பூசிக்கிட்டாங்க, 4 பேரு செத்துட்டாங்க. தொடும்போது சுடாது, வலிக்காது, புண்ணு பெறகுதான் வரும்.

பழைய இரும்புல மஞ்சள் கலர்ல மூணு இதழ் சின்னத்தோட கனமான டப்பா எதையாச்சும் பாத்தா தெறக்காதீங்க. தூரம் ரெண்டு மடங்கானா கதிர் கால்வாசியா கொறஞ்சிடும், அதனால போட்டோ புடிக்கறேன்னு கிட்ட போவாம, பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு நல்லா தள்ளி போயி மலேசியாவோட அவசர நம்பர் 999க்கு அடிங்க.