க்வோத் (quoth): இந்தப் பழைய இங்கிலீஷ் வினையை எப்படி யூஸ் பண்றது

மதுரைப் பக்கம் காலேஜ்ல இங்கிலீஷ் லிட்டரேச்சர் படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு சொல்றேன், பழைய பாட்டுல க்வோத்னு வந்தா பயப்படாதீங்க, ‘சொன்னான்’, ‘சொன்னாள்’ அவ்ளோதான். இறந்தகாலம் மட்டும்தான் உண்டு, அதுவும் நான், அவன், அவளுக்குத்தான் வரும், ‘நீ’க்கு போடாதீங்க. முக்கியமா ஆளுக்கு முன்னாடி வரணும், ‘க்வோத் ஹி’ சரி, ‘ஹி க்வோத்’னு எழுதினா காதுல இடிக்கும், நம்மூர்ல ‘வாரேன்னாரு மாமா’ன்னு சொல்றோம்ல அதே வரிசை.

வேர் பழைய இங்கிலீஷ் க்வெதன், சொல்றதுன்னு அர்த்தம். மேற்கோள் காட்டுறதைக் குறிக்கிற க்வோட் (quote)ங்கிற சொல்லோட சேத்துக் குழப்பிக்காதீங்க, அது லத்தீன் வழி வந்தது. உயில்ல வர்ற பிக்வீத் (bequeath) தான் இதுக்கு நெஜமான சொந்தம், சொத்து இன்னாருக்குன்னு வாய்விட்டு சொல்றதுலருந்து வந்த சொல்லு.