மழையில் டொனிகால் ராலி: ஒரு டயர்க் கடைக்காரன் சொல்லும் வழி

முதல் வேலை, குடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மார்த்தாண்டத்துக்காரனுக்கு மழை என்றால் கை தானாகக் குடையைத் தேடும். அயர்லாந்தின் வடமேற்கு மூலையில், டொனிகால் மாவட்டத்துச் சாலைகளில் நடக்கும் கார்ப் பந்தயம்தான் டொனிகால் ராலி. முதன்முதலாக அதைப் பார்க்கப் போனபோது நானும் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் போனேன். நாக்கல்லா ஏற்றத்தில் நின்றேன். கீழே கடல், மேலே மேகம், நடுவில் காற்று. பத்து நிமிடத்தில் கம்பி எல்லாம் பின்னால் மடங்கி, குடை தலைகீழாகத் தாமரைப்பூ ஆகிவிட்டது. பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "அதை மடக்கி வையப்பா, எனக்கு ரோடே தெரியல" என்றார். அவர் சொன்னது சரி. அந்தக் குடை கையை விட்டுப் பறந்து ரோட்டில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

மனைவி லெட்டர்கெனி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளோடு அயர்லாந்து வந்தவன் நான். ஊரில் பஞ்சர் கடை வைத்திருந்தேன், இங்கே ஒரு டயர்க் கடையில் வேலை. ஏழெட்டு ராலி பார்த்தாயிற்று. டப்ளினிலிருந்தும் பெல்ஃபாஸ்டிலிருந்தும் நம்மவர்கள் வருடாவருடம் போன் போட்டு, மழையில் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்று ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

1972இல் தொடங்கிய பந்தயம் இது. ஜூன் மாதம், வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாள். 2001இல் கோமாரி நோய்க்காகவும், 2020, 2021இல் கொரோனாவுக்காகவும் நின்றது. மைதானம் கிடையாது, டிராக் கிடையாது. மற்ற நாளில் பால் லாரியும் டிராக்டரும் போகும் கிராமத்துத் தார்ச்சாலைகளையே சில மணி நேரம் அடைத்துவிட்டு ஓட்டுவார்கள். அப்படி அடைத்து, நேரம் கணக்கிட்டு ஓட்டும் ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் ஸ்டேஜ் என்று பெயர். இரண்டு பக்கமும் கல்சுவர், நம்மூர்க் கையாலை மாதிரி. ரோடு மேடுபள்ளம், நடுவில் புல் முளைத்த இடமும் உண்டு. ஜூன் என்பதால் கோடை என்று நினைத்து வராதீர்கள். வானம் ஒரே நாளில் நான்கு முறை மனசு மாறும். ஒரு ஸ்டேஜில் வெயில் அடிக்கும், மலைக்கு அந்தப் பக்கம் அடுத்த ஸ்டேஜில் கொட்டும். அந்தக் குழப்பம்தான் இந்த ராலியின் ருசியே.

முதலில் ராலி புத்தகத்தை வாங்குங்கள். அதில் ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் வரைபடம், ரோடு எப்போது அடைபடும், முதல் கார் எப்போது கிளம்பும் எல்லாம் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது ரோடு அடைபடும் நேரத்தை. முதல் கார் நேரத்தைப் பார்த்துக் கிளம்பினால் தடுப்புக்கு வெளியே நின்று சத்தம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நான் அடைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுவேன். ஒரே நாளில் மூன்று இடம் பார்க்கலாம் என்று என் மச்சான் ஒரு தடவை திட்டம் போட்டான். இரண்டு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்து வைப்பர் ஆடுவதைப் பார்த்தோம். பெரும்பாலும் ஒரே ஸ்டேஜை இரண்டு தடவையாவது ஓட்டுவார்கள். ஓர் இடத்தில் நின்று இரண்டு ஓட்டத்தையும் பாருங்கள். காலையில் பார்த்த வளைவு மத்தியானம் வேறு வளைவாகியிருக்கும்.

காரை ஓரப் புல்லில் நிறுத்தாதீர்கள். புல் மாதிரி தெரியும், உள்ளே சேறு. வரும்போது இறங்கும், போகும்போது ஏறாது. வயல் கதவுக்கு முன்னால் நிறுத்தினால் விவசாயி வந்து பேசுவார், அந்தப் பேச்சு நமக்குப் பிடிக்காது. மூக்கு வெளியே பார்க்கும்படி ரிவர்ஸில் நிறுத்துங்கள். கதவு எதையாவது திறந்து உள்ளே போனால் உடனே மூடுங்கள். ஆடு வெளியே வந்தால் பந்தயமே நிற்கும்.

இனி முக்கியமான விஷயம்: எங்கே நிற்பது. வளைவின் வெளிப்பக்கம் நிற்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பேன். ஒவ்வொரு வருடமும் யாராவது நிற்கிறார்கள். கார் பிடி விட்டால் நேராகத்தான் போகும், அதற்கு வளைவு தெரியாது. மழையில் இந்தக் கணக்கு இன்னும் நீளும், பிரேக் பிடிக்க வேண்டிய தூரம் கூடிவிடும். அதனால் நீண்ட நேர்ச்சாலை முடியும் இடமும் வேண்டாம். வயல் கதவு வாசலில் நிற்காதீர்கள், தடுமாறுகிற டிரைவர் கண்ணுக்கு முதலில் தெரிகிற ஓட்டை அதுதான். ரோட்டைவிடத் தாழ்வான பள்ளம் வேண்டவே வேண்டாம். வளைவுக்கு முன்னால், உள்பக்கத்தில், ரோட்டைவிட ஆள் உயரம் மேலே ஒரு மேடு, அதற்கும் பின்னால் தள்ளி நிற்க இடம்: இதைத் தேடுங்கள். முதுகுக்குப் பின்னால் முள்வேலியோ சதுப்போ இருக்கக் கூடாது, ஓட வழி வேண்டும். சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தால் அதற்கு அந்தப் பக்கம் இடம் இல்லை என்று அர்த்தம். ரோட்டோரம் நின்று பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் மார்ஷல் நகரச் சொன்னால் நகருங்கள், வாதம் வேண்டாம். அவர்கள் சம்பளம் இல்லாமல் உங்களைவிட முன்பே வந்து நனைந்துகொண்டிருப்பவர்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2016, 2017, 2018 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்தவர் மேனஸ் கெல்லி, இந்த மண்ணின் ஆள். சில வாரங்களுக்கு முன்புதான் கவுண்டி கவுன்சிலுக்குத் தேர்வாகியிருந்தார். 2019 ராலியின் ஞாயிற்றுக்கிழமை, ஃபானட் ஹெட் ஸ்டேஜில் விபத்தில் இறந்துபோனார். மீதி ஓட்டத்தை அத்தோடு நிறுத்தினார்கள். ஒவ்வொரு கல்லும் தெரிந்தவருக்கே அந்த ரோடு அப்படி என்றால், வேடிக்கை பார்க்க வந்த நாம் எந்த மூலைக்கு.

பாதுகாப்பான இடம் கிடைத்தாயிற்று என்றால், அங்கிருந்து எதைப் பார்ப்பது? புதிதாக வருகிறவர்கள் காரைப் பார்ப்பார்கள். நான் இரண்டு காருக்கு நடுவில் ரோட்டைப் பார்ப்பேன். டிரைவர்கள் நேரத்தை மிச்சம் பிடிக்க உள்ஓரத்தை வெட்டி, புல்லில் சக்கரத்தை இறக்கி ஏற்றுவார்கள். ஒவ்வொரு காரும் ஒரு கூடை சேற்றை அள்ளித் தாருக்கு மேல் போட்டுவிட்டுப் போகும். முதல் கார் கறுப்பு ரோட்டில் போகும், இருபதாவது கார் காப்பிப்பொடி நிற ரோட்டில் போகும். அதனால்தான் தார்ச்சாலையில் முன்னால் கிளம்புவது லாபம். மழை விட்டு அரை மணி நேரமானாலும் மரத்தடி ரோடு காயாது. வெளிச்சத்திலிருந்து அந்த நிழலுக்குள் கார் நுழைகிற நொடியில் பின்பக்கம் ஒரு சின்ன உதறு உதறும், கவனியுங்கள். மலையிலிருந்து வழிகிற தண்ணீர் ரோட்டைக் குறுக்கே தாண்டும் இடமும் அப்படித்தான்.

அடுத்தது டயர். இது என் தொழில், கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் பட்டன், அதாவது மேல்வரி, தேய்ந்த டயரோடு யாராவது வந்தால், "மொட்டை டயர்ல ஓட்டாதீங்க அண்ணே" என்று திட்டி அனுப்புவேன். இங்கே பந்தயக்காரன் காசு கொடுத்துக் கிட்டத்தட்ட மொட்டையான டயர் வாங்குகிறான். காய்ந்த தாருக்கு அதுதான் சரி, ரப்பர் முழுக்கத் தரையில் ஒட்டும். ஈரம் வந்தால் தண்ணீர் வெளியேற வழியில்லை, ரப்பருக்கும் ரோட்டுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து கார் படகாகிவிடும். கொட்டும் மழைக்கு ஆழமான வாய்க்கால் போட்ட, மென்மையான ரப்பர் டயர். இரண்டும்கெட்டான் நேரத்துக்கு மொட்டை டயரில் சூடான கத்தியால் கோடு வெட்டிக்கொள்வதும் உண்டு. நம்மூரில் லாரி டயருக்குப் பட்டன் வெட்டிக் கொடுப்போமே, அதே வேலைதான், கொஞ்சம் நாகரிகமாக. மழை டயரைப் போட்டுக்கொண்டு போய் ரோடு காய்ந்துவிட்டால் ரப்பர் சூடேறிக் கிழியும். மொட்டையோடு போய் மழை பிடித்தால் சொல்லவே வேண்டாம். ஸ்டேஜுக்கு நடுவில் நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது, கார்களைப் பழுது பார்த்து டயர் மாட்டும் சர்வீஸ் பார்க்கில் எடுத்த முடிவோடு ஓடித்தான் ஆக வேண்டும். அதனால் காலையில் லெட்டர்கெனியில் சர்வீஸ் பார்க்குக்கு ஒரு நடை போய்விட்டுக் கிளம்புங்கள். மெக்கானிக்குகள் மாட்டும் டயரைப் பாருங்கள். யார் எதைப் போட்டார்கள் என்று தெரிந்துகொண்டு மலையில் நின்றால், முதல் சுற்றிலேயே யார் தப்புக் கணக்கு போட்டார் என்று உங்களுக்கே புரியும்.

நமக்கு ஒரு சின்னப் பெருமையும் உண்டு. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப் கம்பெனி இன்று ஐரோப்பிய ராலிக்கு டயர் செய்கிறது. அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டுக்காரர், மறைந்த ராலி டிரைவர் கிரெய்க் ப்ரீன் 2020, 2021இல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் எம்ஆர்எஃப் அணிக்காக ஓட்டினார். 2022இல் ஸ்பெயினின் எஃப்ரென் யாரேனா அந்த டயரில் பட்டமே வாங்கினார். இதைக் கடையில் சொன்னால், "இன்னைக்கு எத்தனாவது தடவை?" என்கிறார் கூட வேலை செய்கிறவர்.

கார்கள் வரும் வரிசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் பூஜ்யம் எழுதிய பாதுகாப்புக் கார்கள் ரோட்டைச் சோதித்துக்கொண்டு போகும். பிறகு ஒன்றாம் நம்பர், அரை நிமிடமோ ஒரு நிமிடமோ இடைவெளியில் மற்றவை. மார்ஷலின் விசில் கேட்டதும் பேச்சை நிறுத்துங்கள். முன்னால் வருபவை 1.6 லிட்டர் டர்போ, நான்கு சக்கரமும் இழுக்கும் கார்கள். மழையிலும் தண்டவாளத்தில் போவதுபோல் போகும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினால் விருந்தில் பாயசத்துக்கு முன் எழுந்த கதைதான். பின்னால் பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டுகள் வரும். பின்சக்கரம் மட்டும் தள்ளும். ஈரத்தில் கொண்டை ஊசி வளைவு முழுக்கப் பக்கவாட்டிலேயே வரும், டிரைவர் பக்கக் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்ப்பார். கூட்டம் கத்துவது இவற்றுக்குத்தான்.

கண் முன்னால் ஒரு கார் ஓடையில் விழுந்தால், ஓடிப் போகாதீர்கள். அடுத்த கார் வந்துகொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்து ஓகே அட்டையைக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். உதவி வேண்டும் என்று எஸ்ஓஎஸ் அட்டை காட்டினால் அடுத்து வரும் போட்டியாளர் நிற்க வேண்டும், அது விதி. நம் வேலை மார்ஷலுக்குச் சொல்வது. அவர் கூப்பிட்டால் மட்டும் இறங்குங்கள்.

மற்றபடி: முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலைமூடி வைத்த மழைக்கோட்டு, இரண்டு ஜோடி காலுறை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. காற்று நின்று தூறல் விட்டால் மிட்ஜ் என்று ஒரு பொடிப்பூச்சி கிளம்பும், காதோரம் பிய்த்தெடுத்துவிடும், தைலம் தடவிக்கொள்ளுங்கள். மலையில் போன் சிக்னலை நம்பாதீர்கள். சின்ன ரேடியோ இருந்தால் ஹைலேண்ட் ரேடியோவில் நிலவரம் கேட்கலாம். சாப்பாட்டுக்குப் புளிச்சோறும் பிளாஸ்க்கில் சுக்குக் காப்பியும். ஒரு தடவை பக்கத்தில் நின்ற மார்ஷலுக்கு அரைக் கப் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு மீதியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மா போனில், "காரு போறத பாக்க மழையில நனையவா மக்கா அவ்வளவு தூரம் போன?" என்று கேட்பாள். இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் வழிமுறை இல்லை.

கடைசிக் கார் போனதும் ரோட்டில் இறங்கிவிடாதீர்கள். எல்லாக் காரும் போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டு கடைசியாக வரும் வண்டி போக வேண்டும், ரோடு திறந்ததாக மார்ஷல் சொல்ல வேண்டும். திரும்பும்போது நாமும் பந்தயக்காரன் என்ற நினைப்பு வரும். அந்த வார இறுதியில் கார்டா போலீஸ் எல்லா முக்கிலும் நிற்பார்கள். ரோடு முழுக்கச் சேறு, உங்கள் டயர் சாதா டயர். வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைக் கழுவி, பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து வையுங்கள். செவ்வாய்க்கிழமைக்குள் காய்ந்துவிடும்.