கபுகி நடிகர் அச்சோவியம்: ஆண்டையும் ஆளையும் கண்டறியும் முறை

ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியத்தில் கபுகி என்ற மரபு நாடகத்தின் நடிகர் ஒருவரைக் கண்டதும் பெரும்பாலோர் முகத்தை வைத்தே ஆளைத் தேடத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித் தொடங்கி ஒரே தாளோடு மூன்று வாரம் திணறினேன். கபுகியில் பெயர் என்பது தந்தையிடமிருந்து மகனுக்கும் ஆசானிடமிருந்து மாணவனுக்கும் வழிவழியாக இறங்குகிற பட்டம் என்பதால், ஆண்டு தெரியாமல் பெயரைக் கண்டுபிடித்தாலும் ஆளைக் கண்டுபிடித்ததாக ஆகாது. ஆகவே ஆண்டை முதலில் பிடியுங்கள்.

சாளரத்தின் அருகே பகல் வெளிச்சத்தில் தாளைக் கிடத்திவைத்து, ஓவியரின் ஒப்பத்தைச் சுற்றியும் ஓரங்களிலும் உள்ள சிறு முத்திரைகள் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேர்வெயில் கூடாது, பழைய தாவரச் சாயங்கள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது. எழுத்தைக் கேமராவில் காட்டினால் மொழிபெயர்த்துத் தரும் செயலிகளை நான் நம்புவதில்லை, ஏனெனில் முத்திரைக்குள் நெளிந்து கிடக்கும் எழுத்தை அவை பெரும்பாலும் தவறாகவே படிக்கின்றன. கைப்பேசியின் ஜப்பானிய விசைப்பலகையில் கையெழுத்து முறையைத் தேர்ந்து, எழுத்தை விரலால் வரைந்து பார்ப்பதே எனக்குக் கைகொடுத்தது.

அடுத்து வருவது என்னைத் தடுக்கிவிட்ட படி. எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) ஆண்ட அரசின் தணிக்கையைக் கடந்த தாள்களில் அதற்குரிய முத்திரை இருக்கும், அதன் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியது. 1790களின் தொடக்கத்திலிருந்து 1842 வரை ‘கிவாமே’ என்ற ஒற்றை எழுத்து, பெரும்பாலும் சிறு வட்டத்துக்குள் காணப்படும். 1843 முதல் 1847 வரை நானுஷி எனப்படும் தணிக்கைப் பொறுப்பாளர் ஒருவரின் பெயர் முத்திரையும், 1847 முதல் இருவரின் முத்திரைகளும் இடப்பட்டன. 1852இல் அந்த இரண்டோடு நாள் முத்திரையும் சேர்ந்துகொண்டது. 1853இன் இறுதியில் நானுஷி பெயர்கள் மறைந்து, ‘ஆய்ந்தது’ என்று பொருள்படும் ‘அராத்தமே’ முத்திரையும் நாள் முத்திரையும் தனித்தனியே வந்தன. 1858இல் நாள் முத்திரை மட்டும் இடப்பட்டது. 1859 முதல் 1871 வரை அராத்தமேயும் நாளும் ஒரே வட்டத்துக்குள் அடங்கின.

நாள் முத்திரையில் ஆண்டெண் இராது. எலி, எருது, புலி என்று பன்னிரண்டு விலங்குகளுள் ஒன்றுக்குரிய எழுத்தும் மாத எண்ணுமே இருக்கும். என் தாளில் இருந்தது எலி. மேலே சிறு கொக்கி, அதிலிருந்து கீழே வளைந்திறங்கும் கோடு, நடுவே ஒரு குறுக்குக்கோடு. எலி ஆண்டு 1852, அடுத்தது 1864. நான் ஆராயாமலே 1864 என்று குறித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த இரண்டு சிறு முத்திரைகளைப் பதிப்பாளரின் அடையாளங்கள் என்று எண்ணி ஒதுக்கிவிட்டேன். அவைதான் முராதா, கினுகாசா என்ற இரு நானுஷிகளின் முத்திரைகள்! இரண்டு நானுஷி முத்திரைகளும் எலியும் ஒரே தாளில் இருந்தால் அது 1852தான். 1864 என்றால் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் இருந்திருக்கும். விலங்கை மட்டும் படித்து ஆண்டை முடிவு செய்யாதீர்கள். முத்திரை எத்தனை, என்ன வடிவம் என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

மாதத்திலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதல் மாதத்துக்கு ஒற்றைக் கோடு போடாமல், ‘ஷோ’ என்று படிக்கப்படும் ஐந்து கோட்டு எழுத்து ஒன்றை இடுவார்கள். நம் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் வருவதுபோல் அங்கும் மிகை மாதம் உண்டு. அதற்கெனத் தனி எழுத்து மாத எண்ணுக்கு முன்னால் நிற்கும். இவை சந்திர மாதங்கள் ஆகையால், பன்னிரண்டாம் மாதம் பெரும்பாலும் நமது நாட்காட்டியில் அடுத்த ஆண்டு ஜனவரிக்குப் போய்விடும். ஓவியர் குனிசதா எலி ஆண்டின் பன்னிரண்டாம் மாதம் 15ஆம் நாள் இறந்தார், அது நமக்கு 1865 ஜனவரி 12.

ஒப்பத்தை அதன் பிறகே படியுங்கள். ‘டோயோகுனி’ என்று இருந்தவுடன் புகழ்பெற்ற ஓவியர் முதலாம் டோயோகுனி என்று மகிழ வேண்டாம். அவர் 1825இல் இறந்துவிட்டார், நானுஷி முத்திரைகளோ 1843இல்தான் தொடங்கின. 1844இல் அந்தப் பெயரை ஏற்றவர் அவருடைய மாணவர் குனிசதா. கீழ்நோக்கி நீண்ட, மேல் மூலையில் முறுக்குள்ள சட்டத்துக்குள் ஒப்பம் இருந்தால் பெரும்பாலும் அவருடையதே.

இப்போது நடிகரிடம் வரலாம். 1842இல் அரசு கொண்டுவந்த சீர்திருத்தம் நடிகர் ஓவியங்களைத் தடைசெய்தது. அவை மீண்டும் வெளிவந்தபோதும் நெடுங்காலம் பாத்திரத்தின் பெயர் மட்டுமே பொறிக்கப்பட்டது. அதனால் குலச்சின்னத்தைத் தேட வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரங்கள் இருந்தால் அது இச்சிகாவா டான்ஜூரோ குலத்தின் மிமாசு. அரிசி அளக்கும் சதுரப் படிகளைப் பெரியதற்குள் சிறியதாக அடுக்கி, மேலிருந்து பார்த்தால் தெரியும் வடிவம் அது. ஆடையில் உள்ள எல்லா உருவங்களும் நடிகருடையவை அல்ல என்பதை மறவாதீர்கள். வண்ணத்துப்பூச்சிகள் சோகா கோரோ என்ற பாத்திரத்துக்கும், பறக்கும் சிறு பறவைகள் அவன் அண்ணன் ஜூரோவுக்கும் உரியவை. யார் நடித்தாலும் அவை இருக்கும். என் தாளில் மிமாசு மார்பில் இல்லை, கையில் பிடித்த விசிறியின் விளிம்பில் நகக்கண் அளவில்தான் இருந்தது.

நான் 1864 என்று நம்பியிருந்தபோது இங்கேதான் வழி அடைபட்டது. எட்டாம் டான்ஜூரோ 1854இல் ஒசாகாவில் இறந்தபின், ஒன்பதாமவர் 1874இல் ஏற்கும்வரை அந்தப் பெயரில் எவருமே இல்லை. 1852 என்று திருத்தியதும் இருவர் கிடைத்தனர்: 1823இல் பிறந்த எட்டாமவர், 1832இலேயே அவருக்குப் பெயரை விட்டுக்கொடுத்து எபிஸோ என்ற பெயரை ஏற்றுக்கொண்ட தந்தை. முகம் பயன்படும் இடம் இதுதான். தந்தைக்கு உருட்டி விழிக்கும் பெரிய கண்கள், மகனுக்கு ஒடுங்கி நீண்ட முகம். என் தாளில் இருப்பவர் மகன்.

கடைசியாக, வசேடா பல்கலைக்கழகத்தின் நாடக அருங்காட்சியகம் இணையத்தில் வைத்திருக்கும் தொகுப்பில் பாத்திரத்தின் பெயரை இட்டுத் தேடுங்கள். 40,000க்கும் மேற்பட்ட தாள்கள் அங்கு உள்ளன. பொதுவான படத்தேடலைவிட இதையே நான் முதலில் நாடுவேன், ஏனெனில் நடிகர், பாத்திரம், அரங்கு, நாள் ஆகிய நான்கையும் அவர்கள் சேர்த்தே பதிந்துள்ளனர். எந்த அரங்கேற்றத்தோடும் பொருந்தவில்லை என்றால் சோர்ந்துவிட வேண்டாம். ‘இவர் இந்தப் பாத்திரத்தை ஏற்றால் எப்படி இருக்கும்’ என்று கற்பனையாக வரைந்த மித்தாத்தே ஓவியங்களும், மறைந்த நடிகர்களை நினைவிலிருந்து வரைந்தவையும் ஏராளம்.

பிற்சேர்க்கை: முத்திரையே இல்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஓரம் வெட்டப்பட்டதா என்று முதலில் பாருங்கள். ஓபான் எனப்படும் வழக்கமான அளவு ஏறத்தாழ 39க்கு 26 சென்டிமீட்டர். இன்னொருவர் ஷராகு என்ற ஓவியரின் தாளில் கிவாமே முத்திரை இருப்பதால் அது 1794ஆம் ஆண்டுத் தாள்தானே என்று கேட்டார். ஷராகு 1794 மே தொடங்கி ஏறத்தாழ பத்து மாதங்களே வரைந்தார், அந்தத் தாள்களைப் பிற்காலத்தில் புதிதாகக் கட்டை செதுக்கிப் பலமுறை மறுபதிப்புச் செய்துள்ளனர், அப்போது முத்திரையையும் அப்படியே செதுக்கிவிடுவார்கள். கேட்டவரிடம் இருந்த தாளின் இடப்பக்க வெற்றோரத்தில் செதுக்கியவர், அச்சிட்டவர் பெயர்கள் அச்சாகியிருந்தன. பழைய தாளில் அவை இரா.