பிள்ளைக்கு 18 ஆகும் முன் குளோபல் என்ட்ரி வாங்கிவிடுங்கள்

அப்பச்சிக்குப் பீமரத சாந்தி என்று பள்ளத்தூர் வீட்டில் கூடியிருந்தோம். அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் மட்டும் நான்கு குடும்பம், 13 வயதிலிருந்து 17 வரை ஆறு பிள்ளைகள். பட்டாலையில் உட்கார்ந்து திரும்பும் பயணத்தைப் பற்றிப் பேசும்போதுதான் தெரிந்தது, பெரியவர்கள் எல்லோருக்கும் குளோபல் என்ட்ரி (அமெரிக்காவில் இறங்கும்போது குடிநுழைவைச் சீக்கிரம் முடிக்க உதவும் உறுப்பினர் திட்டம்) இருக்கிறது, பிள்ளைகளில் ஒருவருக்கும் இல்லை. "எங்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் சேர்ந்ததுதானே?" என்று அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) கேட்டார்கள். இல்லை. பிரீசெக் என்ற இன்னொரு திட்டத்தோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர், அதனால்தான் எழுதுகிறேன்.

பிரீசெக் என்பது அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் ஏறும் முன் நடக்கும் பாதுகாப்புச் சோதனைக்கு. லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டாம், பெல்ட்டைக் கழற்ற வேண்டாம், வரிசையும் சின்னது. இதில் 12 வயது வரை உள்ள பிள்ளைகள் உங்களோடு அப்படியே வரலாம். 13 முதல் 17 வரை என்றால், ஒரே முன்பதிவில் டிக்கெட் இருக்க வேண்டும், பிள்ளையின் போர்டிங் பாஸிலும் பிரீசெக் என்று அச்சாகியிருக்க வேண்டும். அச்சாகவில்லையா, அவன் பொது வரிசைக்குத்தான் போக வேண்டும்.

குளோபல் என்ட்ரி வேறு. வெளிநாட்டிலிருந்து அமெரிக்கா வந்து இறங்கும்போது குடிநுழைவு வரிசையைச் சுருக்குவது அது, கூடவே பிரீசெக்கும் சேர்ந்து வரும். இதில் தலைக்கு ஒன்று வேண்டும், கைக்குழந்தைக்கும் தனியாக வேண்டும். போன தடவை ஊரிலிருந்து திரும்பி இறங்கியபோது, எங்கள் கையில் குளோபல் என்ட்ரி இருந்தும் மகளுக்கு இல்லாததால் மூன்று பேரும் நீள வரிசையில் நின்றோம். அவளைத் தனியாக விட்டுவிட்டு நாங்கள் மட்டும் எப்படிப் போவது?

கட்டணம் 120 டாலர். ஆனால் 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, பெற்றோரில் ஒருவர் உறுப்பினராக இருந்தாலோ, கூடவே விண்ணப்பித்தாலோ 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே இல்லை. உறுப்பினர் காலம் 5 ஆண்டு. அதாவது 17 வயதில் விண்ணப்பித்தால் ஒரு காசு செலவில்லாமல் கல்லூரி முடியும் வரை ஓடும். 18 ஆகிவிட்டால் உங்களோடு ஒட்டிக்கொண்டு பிரீசெக் வரிசையில் வரும் வசதியும் போய்விடும், கட்டணமும் வந்துவிடும். வீட்டில் 17 வயதுப் பிள்ளை இருந்தால் இந்த வாரமே உட்காருங்கள். கிரீன் கார்டு இல்லாமல் வேலை விசாவில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்குத் தனிப் பிரீசெக் கிடையாது, ஆனால் குளோபல் என்ட்ரிக்கு அவர்களும் விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பம் அமெரிக்கச் சுங்கத் துறையின் டிடிபி (டிரஸ்டட் டிராவலர் புரோகிராம்ஸ்) இணையதளத்தில். பிள்ளைக்குத் தனி லாகின், அதற்குத் தனி மின்னஞ்சல், உங்களுடையதைப் போட்டால் சிக்கல். கடந்த 5 ஆண்டு முகவரிகளையும் போய்வந்த நாடுகளையும் கேட்கும். பாஸ்போர்ட்டையும் உங்கள் உறுப்பினர் எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறோம். ஐயா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம், கூப்பிடுவது வேறு பெயர், பள்ளியில் பாதிப் பெயர், அப்பா பெயர் ஒரு இடத்தில் இனிஷியல், இன்னொரு இடத்தில் கடைசிப் பெயர். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்து பிசகாமல் விண்ணப்பத்திலும் அப்படியே இருக்க வேண்டும், டிக்கெட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். ஒரு தடவை எனக்கு டிக்கெட் போட்ட ஏஜெண்ட் நடுப்பெயரை முதல் பெயராக்கிவிட்டார். உறுப்பினர் எண் சரியாக இருந்தும் போர்டிங் பாஸில் பிரீசெக் வரவில்லை.

நிபந்தனையுடன் ஒப்புதல் வந்ததும் நேர்காணல். அமெரிக்காவில் அப்பாயின்ட்மென்ட் தேடி அலைவதை விட, ஊருக்கு வந்து திரும்பும்போது இறங்கும் விமான நிலையத்திலேயே முடித்துவிடலாம், அப்பாயின்ட்மென்ட் வேண்டாம். டாலஸ், நெவார்க், சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ போன்ற பெரிய நிலையங்களில் இது உண்டு. அதனால்தான் சொல்கிறேன், கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும் திட்டம் இருந்தால் பல மாதம் முன்பே விண்ணப்பியுங்கள், ஒப்புதல் சிலருக்குச் சில நாளில் வரும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். ஒன்று முக்கியம்: நேர்காணலில் அப்பாவோ அம்மாவோ சட்டப்படியான பாதுகாவலரோ கூட இருக்க வேண்டும். பிள்ளையை அப்பத்தாவோடு அனுப்பிவிட்டு நீங்கள் பத்து நாள் கழித்துக் கிளம்பினால் நேர்காணல் நடக்காது.

உறுப்பினர் எண் கிடைத்ததும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் 'நோன் டிராவலர் நம்பர்' என்ற கட்டத்தில் அதைப் போடுங்கள், விமான நிறுவனக் கணக்கிலும் சேமித்துவிடுங்கள். 16 வயதுக்கு முன் எடுத்த அமெரிக்க பாஸ்போர்ட் 5 ஆண்டுக்குத்தான் செல்லும், ஆகவே இடையில் புதுப்பித்தால் புது பாஸ்போர்ட் எண்ணை டிடிபி கணக்கில் மாற்ற மறக்காதீர்கள்.

அப்புறம் பெட்டி. கிளம்பும் அன்று ஆத்தா யார் பெட்டியில் இடம் இருக்கிறதோ அதில் திணிப்பார்கள், பெரும்பாலும் பிள்ளைகள் பெட்டியில்தான் இடம் இருக்கும். சீப்புச் சீடையும் மாவுருண்டையும் பரவாயில்லை, கேட்டால் உணவு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். உப்புக்கண்டமும் பச்சைக் கறிவேப்பிலையும் கூடவே கூடாது. சொல்லாமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் உறுப்பினர் தகுதியே ரத்தாகலாம், அது பிள்ளையின் பெயரில் பதிவாகும். கிளம்பும் முன் பிள்ளையையே பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

திருச்சி விமான நிலையத்தில் 2025 செப்டம்பரிலிருந்து இருக்கும் எஃப்டிஐ-டிடிபி இதோடு சம்பந்தப்பட்டதல்ல. அது இந்தியக் குடிமக்களுக்கும் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இந்தியக் குடிநுழைவை மட்டும் விரைவாக்கும் இலவச ஏற்பாடு, அதற்குத் தனியாகப் பதிய வேண்டும்.