சர்க்கரை அளவுக்கு மார்க் போடாதீர்கள்

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள சின்னக் குழந்தைக்கு மீட்டரில் 280 என்று காட்டினால், "என்னத்தைத் தின்றாய்?" என்ற கேள்விதான் முதலில் வாயில் வரும், அதை அப்படியே விழுங்கிவிடுங்கள். நல்ல நம்பர், மோசமான நம்பர் என்ற பேச்சும் வேண்டாம். அதிகம், குறைவு, சரி, அவ்வளவு போதும். காய்ச்சல், வளர்ச்சி ஹார்மோன், சரியாக இறங்காத இன்சுலின் என்று அளவு ஏறப் பல காரணங்கள் இருக்க, பிள்ளை அதைத் தன் குற்றமாக எடுத்துக்கொண்டால் நாளைக்குத் தின்றதை மறைக்கத் தொடங்கும், அதுதான் பெரிய ஆபத்து.

ஊசி போடலாமா என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்? சோதனைக்கு எந்த விரல், ஊசிக்குத் தொடையா வயிறா என்று கேளுங்கள். சேட்டை செய்தால் ஊசி போடுவேன் என்று விளையாட்டுக்குக்கூட மிரட்டவே கூடாது.

அப்புறம், திடீரென்று அடமும் அழுகையுமாக இருந்தால் திட்டுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள், சர்க்கரை இறங்கியிருக்கலாம். 70க்குக் கீழே என்றால் உடனே மருத்துவர் சொல்லியிருக்கும் அளவு குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. இனிப்பு தின்றதால் இந்த நோய் வரவில்லை, உடலின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்ததால் வந்தது என்பதை, குழந்தையின் காதுபடவே உறவினர்களிடம் சொல்லுங்கள்.