பிக்கப் ட்ரக்கிலிருந்து கேம்பருக்கும் ட்ரெய்லருக்கும் கரண்ட் கொடுப்பது எப்படி?

ட்ரக் பம்பருக்குக் கீழே இருக்கும் 7 பின் சாக்கெட்டில் கேம்பரை, அதாவது ட்ரக்கில் ஏற்றிச் செல்லும் குட்டி வீட்டை, சொருகிவிட்டால் ஓட்டும்போதே பேட்டரி ஏறிவிடும் என்று முதல்முறை கேம்பர் வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். விளக்கெல்லாம் எரியும், சார்ஜ்தான் சரியாக ஏறாது. நாள் முழுக்க ஓட்டிவிட்டு இறங்கிப் பார்த்தால், ஃபிரிட்ஜ் இழுத்ததில் பேட்டரி கிளம்பியபோது இருந்ததைவிடக் குறைந்திருக்கும். அதனால் கேம்பருக்குத் தடிமனாக ஒரு தனி லைன் இழுத்துவிடுங்கள், 7 பின்னை விளக்குக்கும் ட்ரெய்லருக்கும் விட்டுவிடுங்கள். இங்கே சொல்வது அமெரிக்கா, கனடாவில் ஓடும் ட்ரக்குகளுக்கு, அதாவது பெட் எனப்படும் பின்தொட்டியில் கேம்பரை ஏற்றிக்கொண்டு அதற்கும் பின்னால் படகோ சரக்கு ட்ரெய்லரோ இழுப்பவர்களுக்கு.

ஏன் தனி லைன்?

7 பின்னுக்கு வரும் 12 வோல்ட் வயர் பெரும்பாலும் 10 அல்லது 12 கேஜ்தான் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன்). எஞ்சினிலிருந்து கேம்பர் வரை 6 மீட்டர் என்று வையுங்கள், போக வர 12 மீட்டர். 10 கேஜ் செம்பு வயரில் அது சுமார் 0.04 ஓம். அதில் 20 ஆம்பியர் ஓடினால் 0.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தாலும் கேம்பருக்கு 13.4 தான் வந்து சேரும், ஆனால் கேம்பரில் இருக்கும் ஏஜிஎம் பேட்டரி (மூடிய வகை லெட் ஆசிட் பேட்டரி) ஒழுங்காக ஏற 14.4க்குப் பக்கத்தில் வேண்டும். போதாக்குறைக்கு இப்போதைய ட்ரக்குகள் எரிபொருளை மிச்சம் பிடிக்க, தன் பேட்டரி நிறைந்ததும் ஆல்டர்னேட்டர் வோல்டேஜை இறக்கிவிடுகின்றன. கேஸிலும் 12 வோல்ட்டிலும் ஓடும் ஃபிரிட்ஜை 12 வோல்ட்டில் வைத்தால் அது ஒன்றே 15 ஆம்பியர் வரை இழுக்கும், அப்புறம் பேட்டரிக்கு என்ன மிஞ்சும்?

இதற்கு டிசி-டிசி சார்ஜர்தான் சரியான வழி. வருகிற வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் கேம்பர் பேட்டரிக்கு வேண்டியதை அது கொடுத்துவிடும், எஞ்சின் நின்றதும் இணைப்பைத் துண்டித்துவிடும், அதனால் காலையில் ட்ரக் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கிற பயம் இல்லை. தொடங்குகிறவர்களுக்கு 30 ஆம்பியர் சார்ஜர் போதும். அது ட்ரக் பக்கத்திலிருந்து 35 முதல் 40 ஆம்பியர் வரை இழுக்கும் என்பதை வைத்துத்தான் வயர் அளவைத் தேர்ந்தெடுக்கிறோம்.

வாங்க வேண்டியவை

4 கேஜ் வயர் வாங்குங்கள், நம் ஊர்க் கணக்கில் சுமார் 21 ஸ்கொயர் எம்எம். மேலே சொன்ன தூரத்துக்கு இதில் 0.35 வோல்ட் அளவுதான் இழப்பு. விலை மலிவாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது வேண்டாம். ஃபியூஸ் அளவைச் சார்ஜர் கையேட்டைப் பார்த்து வாங்குங்கள், 30 ஆம்பியர் சார்ஜருக்கு ட்ரக் பக்கம் 60 ஆம்பியர் வழக்கம். கேம்பரைக் கழற்றி மாட்ட ஒரு ஜோடி ஆண்டர்சன் கனெக்டர் வேண்டும், அதிகக் கரண்ட் தாங்கும் பிளக் அது. அதில் எஸ்பி 50 (SB50) என்ற அளவுக்குள் 4 கேஜ் நுழையாது, எஸ்பி 120 வாங்குங்கள், இரண்டும் ஒரே நிறமாக இருக்கட்டும், நிறம் மாறினால் ஒன்றோடொன்று சேராது. வயர் நுனியில் மாட்டும் உலோக வளையங்களான லக்குகளைச் சுத்தியலால் தட்டி நசுக்காதீர்கள். லக்கை வயரோடு அழுத்திப் பிடிக்கும் ஹைட்ராலிக் கிரிம்பர் இரவலாவது வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த வேலையில் சூடாகிக் கெடுவது முக்கால்வாசி இந்த அழுத்திய இணைப்பு, அதாவது கிரிம்ப்தான்.

லைன் இழுப்பது

முதலில் ட்ரக் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பாசிட்டிவ் வயரில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் ஹோல்டர் வர வேண்டும், ஆனால் ஃபியூஸை இப்போது போடாதீர்கள், அது கடைசி வேலை.

நெகட்டிவ்வுக்கான கறுப்பு வயரையும் அதே தடிமனில் முன்னாலிருந்தே கொண்டுவாருங்கள். பெட்டில் ஒரு போல்ட்டைப் பிடித்து எர்த் கொடுக்கலாமே என்று தோன்றும். 2015 முதல் ஃபோர்டு எஃப்-150 பாடி அலுமினியம், அதில் செம்பு லக்கை இறுக்கினால் ஈரம் பட்டு அரித்துவிடும். ட்ரக் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சின்னப் பெட்டி போல ஒரு சென்சார் இருந்தால், உங்கள் வயரை நேராக முனையில் மாட்டாமல் அந்தச் சென்சாருக்கு அப்பால், சேஸிஸ் பக்கம் மாட்டுங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு கரண்ட் போகிறது என்று ட்ரக்குக்குத் தெரியாமல் போய் அதன் சார்ஜிங் கணக்கே தப்பாகும்.

வயர்களை ஸ்லீவுக்குள் விட்டு, சைலன்சர் இல்லாத பக்கமாக, சேஸிஸ் ஓரமாகவே கட்டிக்கொண்டு வாருங்கள். பிரேக் குழாயோடும் பெட்ரோல் குழாயோடும் சேர்த்துக் கட்டவே கூடாது. பெட்டில் துளை போடும் முன் கீழே குனிந்து டேங்க் எங்கே என்று பார்த்துவிடுங்கள். துளையில் ரப்பர் வளையம் கட்டாயம்.

சார்ஜரைக் கேம்பருக்குள், பேட்டரிக்குப் பக்கத்தில், காற்று வரும் இடத்தில் பொருத்துங்கள். கேஸ் சிலிண்டர் அறைக்குள் வேண்டாம். சார்ஜருக்கும் கேம்பர் பேட்டரிக்கும் நடுவே, பேட்டரிக்கு அருகில் இன்னொரு ஃபியூஸ் வரும்.

விளக்கும் பிரேக்கும்

பெட்டுக்குள் மாட்டி இழுக்கும் ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர்களுக்காக கர்ட், ஹாப்கின்ஸ் போன்ற நிறுவனங்கள் விற்கும் ரெடிமேட் ஹார்னஸ் (வயர் கட்டு) இருக்கிறது. பம்பர் சாக்கெட்டின் பின்னால் சொருகினால், பெட்டுக்குள் இன்னொரு 7 பின் கிடைத்துவிடும், ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டாம். அந்தப் புது சாக்கெட் கேம்பருக்கு, பம்பரில் இருப்பது ட்ரெய்லருக்கு. ட்ரெய்லர் கழன்றுபோனால் பிரேக் பிடிக்க வைக்கும் அதன் பேட்டரி சின்னது, அதற்கு 7 பின் சார்ஜ் தாராளம்.

இந்த இடத்தில் பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கேம்பரின் 7 பின் கேபிளில் சார்ஜ் வயர் ஒன்று இருக்கும், அதைக் கேம்பர் பக்கம் கழற்றி நுனியை மூடிவிடுங்கள். விட்டுவைத்தால் அது ட்ரக் பேட்டரியையும் கேம்பர் பேட்டரியையும் நேரடியாக இணைத்துவிடும், சார்ஜர் கொடுக்கிற கரண்ட் அந்த வழியாகத் திரும்பவும் ட்ரக்குக்கே போய் வட்டமடிக்கும். எது சார்ஜ் வயர் என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெள்ளை எர்த், நீலம் பிரேக் என்பது பொதுவாகச் சரியாக வரும், மற்ற நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

கேம்பர் பம்பரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் ட்ரெய்லரை மாட்டும் கொக்கியான ஹிட்ச்சை நீட்டிக்க வேண்டும், 7 பின் கேபிளும் நீளும். எலக்ட்ரிக் பிரேக் ஒரு சக்கரத்துக்கு சுமார் 3 ஆம்பியர் எடுக்கும், இரண்டு ஆக்சில் ட்ரெய்லர் என்றால் 12. ஆகவே நீட்டிப்புக் கேபிளில் பிரேக் வயரும் எர்த்தும் 12 கேஜுக்குக் குறையக் கூடாது. ஹிட்ச்சை நீட்டினால் இழுக்கக்கூடிய எடை குறையும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதனை

எல்லாம் இறுக்கிய பிறகு நெகட்டிவை மாட்டி, ஃபியூஸைப் போடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, சார்ஜர் முழு வேகத்தில் வேலை செய்யும்போது ட்ரக் பேட்டரியிலும் சார்ஜர் உள்வாயிலிலும் வோல்டேஜ் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடினால் எங்கோ ஒரு இணைப்பு சரியில்லை.

விளக்குக்கு ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு இண்டிகேட்டர், பிரேக் எல்லாம் பாருங்கள். இடது இண்டிகேட்டர் போடும்போது இரண்டு பக்கமும் மங்கலாக மினுக்கினால் எர்த்தில்தான் கோளாறு, பல்பை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். அப்புறம் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை நிறுத்திய கையோடு லக்குகளையும் ஆண்டர்சன் கனெக்டரையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத அளவு சுட்டால் அந்தக் கிரிம்பை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.