பிரிண்டரின் ஐபி மாறாமலிருக்க, ரவுட்டரிலேயே பதியுங்கள்

பிரிண்டர், கேமரா ரெக்கார்டர் போன்றவற்றுக்கு மாறாத ஐபி முகவரி (வீட்டு நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) வேண்டுமென்றால், அந்தந்தக் கருவிக்குள் போய் எண்ணைத் தட்டாதீர்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக ஐபி கொடுக்கும் வசதி) பகுதிக்குப் போய், 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் கருவியின் மேக் முகவரியையும் (அந்தக் கருவிக்கே உரிய வன்பொருள் அடையாளம்) அதற்குரிய ஐபியையும் பதியுங்கள். பிறகு கருவியை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும்.

ரவுட்டர் முகவரிகளை வாடகைக்குத்தான் விடுகிறது. கெடு முடிந்த பின் அதே எண் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. நேற்று ஒழுங்காக அச்சடித்த பிரிண்டர் இன்று 'ஆஃப்லைன்' என்று முரண்டு பிடிக்கப் பல நேரம் இதுவே காரணம். கருவியில் நேரடியாக எண்ணைப் பதித்தாலோ அது ரவுட்டருக்குத் தெரியாமல் போகலாம். அதே எண்ணை வீட்டுக்கு வந்த விருந்தாளியின் போனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும், இரண்டும் திண்டாடும். பதியும்போதே வகை பிரித்துவிடுங்கள்: 192.168.1.20 முதல் பிரிண்டர்கள், 192.168.1.30 முதல் கேமராக்கள் என்று. எனக்கு இந்த வரிசை இல்லாவிட்டால் தலை சுற்றும்.

போன்களுக்கு இது சரிவராமல் போகலாம். இப்போதைய ஆண்ட்ராய்டு, ஐபோன்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. சிலவற்றில் அது அவ்வப்போது மாறவும் செய்யும். வெளியூரிலிருந்து கேமராவைப் பார்க்கவும் இந்த எண் உதவாது, இது வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். ரவுட்டரை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும். பட்டியலைப் படம் எடுத்து வையுங்கள்.